பள்ளி திறக்கும் முன்: சுட்டிக்கு ஒரு டக்ஸ் பெயிண்ட்

ஜூனில் எல்.கே.ஜி. சேரப்போகும் குழந்தை உங்கள் வீட்டில் இருக்கிறதா? கோடை முழுவதும் அதன் கண் உங்கள் மவுஸ் மீதுதான் இருக்கும். கீபோர்டில் இரண்டு தட்டு தட்டினால் உங்கள் அலுவலக ஃபைல் காணாமல் போகலாம்.

எனவே முதலில் குழந்தைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்குங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்று புதிய யூசரைச் சேர்க்கலாம். அது ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்டாகவே இருக்கட்டும். அதிலிருந்து உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறக்க முடியாது. உங்கள் அக்கவுண்ட்டுக்குப் பாஸ்வேர்ட் கொடுக்க மறக்காதீர்கள்.

அடுத்து, டக்ஸ் பெயிண்ட். 2002-ல் வெளிவந்த இந்தப் படம் வரையும் சாஃப்ட்வேர் இலவசமானது. 3 வயதிலிருந்து பயன்படுத்தலாம். சேவ் செய்யும்போது ஃபைலுக்குப் பெயர் கேட்காது. வரைந்த படங்களைச் சிறு உருவில் வரிசையாகக் காட்டும். ஆகவே எழுத்துத் தெரியாத குழந்தையும் தானே சேமித்து, தானே திறக்கும்.

இதனுடன் வரும் டக்ஸ் பெயிண்ட் கான்ஃபிக்கைக் குழந்தையின் அக்கவுண்ட்டில் திறந்து, ஃபுல்ஸ்கிரீனையும் க்விட் பட்டனை முடக்கும் வசதியையும் டிக் செய்து, அப்ளை கொடுங்கள். பிறகு எஸ்கேப் கீயை அழுத்தினாலும் புரோகிராம் மூடாது. நீங்கள் மூட ஆல்ட் + எஃப்4 அழுத்தினால் போதும்.

நேரத்துக்கும் அளவு உண்டு. 2 முதல் 4 வயது வரை திரை முன் அமர்வது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. மீதி நேரத்துக்குச் சிலேட்டும் மணலும் கொடுங்கள். பள்ளியில் பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு மவுஸ் பழக்கம் மட்டும் போதாது.