எபிசோட் 41: தனியா வேலை பார்க்கிறவங்களுக்கும் ஒரு ஹார்ட்பீட் வேணும்

போன எபிசோட்ல சர்வர் மானிட்டரிங் பத்திப் பேசினோம். இன்னைக்கு அதே ஐடியாவை மனுஷங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தனியா வேலைக்குப் போறவங்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி, இதுதான் தலைப்பு.

முதல்ல என் கதை. இரண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தொழிற்சாலையில நெட்வொர்க் சுவிட்ச் மாத்தப் போனேன். லீவு நாள், உள்ளே நான் மட்டும்தான். ஏணியில இருந்து இறங்கும்போது கால் சறுக்கி விழுந்துட்டேன். கணுக்கால் வீங்கிப்போச்சு, எழுந்திருக்க முடியல. போன் பக்கத்து ரூம்ல சார்ஜ்ல கிடக்குது. கத்திப் பார்த்தேன், ஏசி சத்தத்துல யாருக்கும் கேட்கல. ஒரு மணி நேரம் கழிச்சு லைட்டை அணைக்க வந்த செக்யூரிட்டி அண்ணன்தான் என்னைப் பார்த்தார். "ஷிஃப்ட் மாறும்போது உள்ளே ஆள் இருக்குன்னு யாரும் சொல்லலையே தம்பி"ன்னார்.

அவர் வரலைன்னா? நான் ரூம் எடுத்துத் தனியா தங்குறவன். திங்கட்கிழமை காலை மீட்டிங்லதான் என்னைத் தேடியிருப்பாங்க. இத்தனைக்கும் என் போன்ல அவசர அழைப்பு வசதியெல்லாம் பக்காவா செட் பண்ணி வெச்சிருந்தேன். பட்டனை அழுத்த போன் கையில இருக்கணுமே!

பிரிட்டன்ல இந்தப் பாதுகாப்பு பத்தின பேச்சு பெருசானதுக்கு ஒரு சம்பவம் முக்கியக் காரணம். 1986 ஜூலை 28. லண்டன் ஃபுல்ஹாம் பகுதியில வீடு விற்பனை ஏஜென்ட்டா இருந்தவர் சூஸி லாம்ப்ளூ, வயசு 25. வீடு காட்டப் போறதா டைரியில நேரம், பேர், முகவரி எல்லாம் குறிச்சு வெச்சுட்டுக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை. உடல் இன்னும் கிடைக்கல. அவரோட பெற்றோர் அவர் பேர்லயே ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. தனியா வேலை பார்க்கிறவங்களுக்கு அது இன்னைக்கும் பயிற்சி கொடுக்குது.

நம்ம பாஷையில சொன்னா, டைரிங்கிறது ஒரு லாக் ஃபைல். என்ன நடந்ததுன்னு பின்னாடி தேட உதவும். ஆனா லாக் தானா அலாரம் அடிக்காது.

அலாரம் அடிக்கணும்னா வாட்ச்டாக் டைமர் வேணும். புரோகிராம் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள "நான் இருக்கேன்"னு சிக்னல் கொடுக்கணும். கொடுக்கலைன்னா சிஸ்டம் தானா ரீசெட் ஆகும். ரயில் இன்ஜின்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. டிரைவர் கொஞ்ச நேரம் எதையுமே தொடலைன்னா முதல்ல எச்சரிக்கை வரும், அதுக்கும் அசையலைன்னா பிரேக் விழும். அதாவது, மௌனமே அலாரம்.

இதை நடைமுறையில எப்படிச் செய்யறது?

ஒண்ணு, கிளம்பும் முன்னாடி: எங்கே போறேன், யாரைப் பார்க்கிறேன், அந்த இடத்தோட போன் நம்பர், எப்போ முடியும். இதை ஒருத்தர்கிட்ட சொல்லணும். குரூப்ல போட்டா எல்லாரும் பார்ப்பாங்க, யாரும் கவனிக்க மாட்டாங்க.

ரெண்டு, செக்-இன் நேரம்: உதாரணத்துக்கு 4 மணிக்கு மெசேஜ் வரணும். 4:10க்கு வரலைன்னா எனக்குப் போன். 4:20க்கு அந்த இடத்துக்குப் போன். அங்கேயும் பதில் இல்லைன்னா ஆள் அனுப்பணும், இல்லைன்னா 112. இதை முன்கூட்டியே எழுதி வைக்கணும். பதற்றத்துல யோசிக்க முடியாது.

மூணு, ரகசிய வாக்கியம்: "என் டேபிள்ல சிவப்பு ஃபைல் இருக்கா பாரு"ன்னு சொன்னா ஆபத்துன்னு அர்த்தம். எதிர்ல இருக்கிற ஆளுக்குச் சந்தேகம் வராது.

நாலு, போன இடத்துல: வண்டியை வெளியே பார்த்து நிறுத்துங்க. ரூமுக்குள்ள அவங்களை முன்னாடி போக விடுங்க, நீங்க வாசல் பக்கமா நில்லுங்க. மனசுக்குச் சரியா படலைன்னா ஒரு சாக்கு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. போன் எப்பவும் உடம்போட இருக்கட்டும்.

லைவ் லொகேஷன் போதாதான்னு கேட்பீங்க. மேப்ல புள்ளி ஒரே இடத்துல நிக்குது. அவர் வேலை பார்க்கிறாரா, விழுந்து கிடக்கிறாரான்னு அந்தப் புள்ளி சொல்லாது.

பலரும் கோட்டை விடுற இடம் இன்னொண்ணு இருக்கு. பயிற்சியை வெளியே போறவங்களுக்கு மட்டும் கொடுப்பாங்க. ஆபீஸ்ல காத்திருக்கிறவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தர்றதில்லை. "பிஸியா இருப்பான், இன்னும் அரை மணி பார்ப்போம்"னு அவர் நினைச்சுட்டா மொத்த சிஸ்டமும் காலி.

போன மாசம் நானே மெசேஜ் போட மறந்துட்டேன். 12 நிமிஷத்துல என் நண்பன் கிளையண்ட் ரிசப்ஷனுக்கே போன் பண்ணிட்டான். எல்லார் முன்னாடியும் அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா அவனை நான் திட்டல, டீ வாங்கிக் கொடுத்தேன். ஃபால்ஸ் அலாரத்துக்குத் திட்டினா அடுத்த தடவை அவன் கூப்பிடத் தயங்குவான், அந்தத் தடவை நிஜமா இருக்கலாம்.

இந்த வார ஹோம்வொர்க்: நாளைக்கு நீங்க போற இடத்துல இருந்து பதில் வரலைன்னா, எத்தனை மணிக்கு யார் உங்களைத் தேடுவாங்க? ஒரு பேரும் ஒரு நேரமும் எழுதி வைங்க. எழுத முடியலைன்னா, இன்னைக்கே ஒருத்தர்கிட்ட பேசுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.