வாடகை ஆசனமும் சொந்த நிலையமும்

தர்மபுரி ஜில்லாவில் மேகமற்ற நாட்கள் சிலவற்றில், அஸ்தமனத்திற்குச் சற்றுப் பின்னோ உதயத்திற்குச் சற்று முன்னோ, சுக்கிரனை யொத்த ஒளியொன்று கண் சிமிட்டாமல் வானத்தைக் கடந்து போவதை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். அது நட்சத்திரமன்று, மனிதர் குடியிருக்கும் வீடு. சர்வதேச விண்வெளி நிலையமெனப்படும் அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு முறை பூமியை வலம் வருகிறது. அதன் எடை ஏறக்குறைய 420 டன். அத்தனை பாரத்தை ஒரே தடவையில் தூக்கவல்ல ராக்கெட் எந்தத் தேசத்திடமும் இருந்ததில்லை. ஆகவே பகுதி பகுதியாக மேலே அனுப்பி, மனிதர்களே நேரிற் சென்று பூட்டினார்கள்.

அந்தப் பூட்டுவேலை தொடங்கிய விதம் அறியத்தக்கது. 1998 நவம்பர் 20-ந் தேதி ருஷ்யா 'ஜார்யா' என்ற முதற் பகுதியை ஏவிற்று. டிசம்பர் 4-ந் தேதி 'எண்டெவர்' என்னும் அமெரிக்க விண்ணோடம் ராபர்ட் கபானாவின் தலைமையில் ஆறு பேருடன் கிளம்பி, 'யூனிட்டி' என்ற இரண்டாம் பகுதியைக் கொண்டு சென்றது. நான்ஸி கரி என்ற பெண்மணி யந்திரக் கையினால் ஜார்யாவைப் பற்றிக் கொணர, இரண்டும் இணைந்தன. பிறகு ஜெரி ராஸும் ஜேம்ஸ் நியூமனும் மூன்று முறை வெளியே இறங்கி மின்சாரக் கம்பிகளைக் கோத்தார்கள். ஊரில் மின்சாரத் தொழிலாளி செய்யும் வேலைதான். ஆனால் காற்றில்லாத வெளியில், விரல் எளிதில் மடங்காத தடித்த கையுறையுடன் செய்ய வேண்டும். கதவு திறந்தபோது கபானாவும், ருஷ்யரான செர்கெய் கிரிகாலியோவும் சேர்ந்தே உள்ளே நுழைந்தனர்.

இவ்விதம் பதினைந்து தேசங்கள் கூடி அந்த வீட்டைக் கட்டின. அவற்றில் பாரதம் இல்லை. 2006 டிசம்பரில் அங்கு சென்று மின்சார அமைப்பைச் சீர்ப்படுத்தும் வேலையில் கைகொடுத்த சுனிதா வில்லியம்ஸின் பெயரைக் கேட்டு நாம் மகிழ்கிறோம், அதில் தவறில்லை. ஆயினும் அவர் அமெரிக்கப் பிரஜை. நம் நாட்டவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25-ந் தேதி புறப்பட்டு, அந்த நிலையத்தில் சுமார் 18 நாள் தங்கித் திரும்பினார். அவர் தீரர், நமது வந்தனத்திற்குரியவர். ஆனால் அவர் ஏறிய கலம் அமெரிக்கக் கம்பெனியினுடையது. அவர் அமர்ந்த ஆசனம் நம் சர்க்கார் விலை கொடுத்துப் பெற்றது.

தமிழ் மக்களுக்கு இந்த நிலைமை புதிதன்று. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, முதலில் வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார். வெள்ளைக் கம்பெனியார் நெருக்கவே, கப்பலுக்குடையவர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதன்பின்னரே சொந்தக் கப்பல் வாங்கப்பட்டது. 1908-ல் அவருடன் சிறை புகுந்த சுப்பிரமணிய சிவா கடைசியாகக் கண்மூடியது இந்தத் தர்மபுரி ஜில்லாவிலுள்ள பாப்பாரப்பட்டியில்தான். விண்வெளியிலும் வாடகையின் கதை அதுவே. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா நெருக்கியதால், கிரயோஜெனிக் எஞ்சினின் நுட்பத்தை நமக்குத் தருவதாக ஒப்பிய ருஷ்யா பின்வாங்கிற்று. நாமே செய்த எஞ்சின் 2014 ஜனவரியில்தான் வெற்றி கண்டது. இப்போதோ அந்தச் சர்வதேச நிலையத்தையே 2030-க்குப் பின் கடலில் வீழ்த்தி முடித்துவிட அமெரிக்கா உத்தேசித்திருக்கிறது. வாடகைக் கப்பலே உடைக்கப்படப் போகிறது!

ஆகையால் சொந்த நிலையம் வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம். அதற்கு முதற்படி இணைக்கும் வித்தை. 2024 டிசம்பர் 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு சிறு கலங்கள், இருமுறை ஒத்திவைக்கப்பட்ட பிறகு, 2025 ஜனவரி 16-ந் தேதி விண்ணில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. அமெரிக்கா, ருஷ்யா, சீனா ஆகிய மூன்றுக்கே கைவந்திருந்த வித்தை இது. ஐந்து பகுதிகள் கொண்ட பாரத நிலையத்தின் முதற் பகுதியை 2028-லும், முழு நிலையத்தை 2035-லும் அமைப்பதாகத் திட்டம்.

இனிச் செலவு. மனிதரை அனுப்பும் ககன்யான் வேலைக்கும் நிலையத்தின் முதற் பகுதிக்குமாக மத்திய சர்க்கார் 2024 செப்டம்பரில் ஒதுக்கிய மொத்தத் தொகை ரூ. 20,193 கோடி. தர்மபுரியில் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு பல்லைக் கறைப்படுத்தி, எலும்பை முடக்குவது. அதிலிருந்து மக்களை மீட்கக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு ஏறக்குறைய ரூ. 1,928 கோடி பிடித்தது; அதற்கும் ஜப்பானிடம் கடன் வாங்கி 2013-ல்தான் திறக்க முடிந்தது. குடிநீருக்குக் கடன், ஆகாயத்திற்குக் கைப்பணமா என்று பென்னாகரத்துக் குடியானவர் கேட்டால், அவரைத் தேசத்துரோகி என்று வாயடைப்பவர்களுடன் நாம் சேரமாட்டோம். அவர் கேட்பது நியாயம்.

அவருக்குக் கௌரவத்தைக் காட்டிப் பதில் சொல்லக்கூடாது, கணக்கைக் காட்டவேண்டும். ஆசனத்திற்குக் கொடுத்த பணம் கடல் கடந்து போயிற்று. நிலையத்திற்குச் செலவிடும் பணம் மகேந்திரகிரியிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும், பாகங்கள் செய்யும் பட்டறைகளிலும் கூலியாக நிற்கக்கூடும். உண்மையில் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு அந்நிய உபகரணத்திற்குப் போகிறது, எந்தெந்த ஜில்லாக்களின் தொழிற்சாலைகளுக்கும் வாலிபர்களுக்கும் வேலை கிடைத்தது என்பதை ஒவ்வொரு பட்ஜெட்டுடனும் பார்லிமெண்டின் முன் தனிக் கணக்காக வைக்கும்படி சர்க்காரைக் கேட்கிறோம். தர்மபுரிக்கு அதில் ஒன்றுமில்லையென்று தெரிந்தால், அதையும் மறைக்காமல் அச்சிடட்டும்.