கொம்பு முளைத்த பூக்கள்

காஷ்மீர் கல்லறைகளின் மேல் பூக்கும் ஐரிஸின் கீழிதழில் தாடி போல மென்முடி படர்ந்திருக்கும். அந்தத் தாடியின் நுனி கொம்பாக நீண்டால்? 1954-ல் கலிஃபோர்னியாவின் லாயிட் ஆஸ்டின் அப்படியொரு ரகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் 'யூனிகார்ன்'. விகாரம் என்று முகம் சுளித்தார்கள் ஐரிஸ் பிரியர்கள் பலர்.

அதே மாநிலத்தின் மான்டி பயர்ஸ் அசரவில்லை. கொம்புள்ள ரகங்களைத் தேர்ந்து, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதைத்துக் காத்திருந்தார். இந்த வேலையில் முதல் பூவைக் காணவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பெரும்பாலான செடிகள் குப்பைக்குத்தான்.

1989-ல் வந்தது அவரது 'தார்ன்பேர்ட்': மங்கிய பழுப்பு இதழ், ஊதாக் கொம்பு. 1997-ல் அமெரிக்காவின் உச்ச ஐரிஸ் விருதான டைக்ஸ் பதக்கம் அதற்கே. 1998-லும் 2002-லும் பயர்ஸின் வேறு இரு கொம்புப் பூக்களுக்கு. ஒன்றைக்கூடப் பார்க்க அவர் உயிருடன் இல்லை.