மணலுக்குள் ஒரு பிரசவ வார்டு



"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். நான் சொல்ல வருவது நேர் எதிர்: மனிதன் புகுந்த ஆற்றில் ஆமைதான் உருப்படுவதில்லை!

எண்ணெய்க் குளியலுக்கும் மீன் வறுவலுக்கும் ஒகேனக்கல் போகிறோம். அதே காவிரியில் வாழ்கிறது லீத் மெல்லோட்டு ஆமை. தீபகற்ப இந்தியாவின் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. மற்ற ஆமைகளைப் போல ஓட்டின்மேல் கட்டம் கட்டமான செதில் இதற்கு இல்லை. எலும்பின்மேல் தோல்தான் போர்த்தியிருக்கும். மணலில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, குழாய் மாதிரி நீண்ட மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடும். செத்த மீனைத் தின்று ஆற்றைச் சுத்தம் செய்யும். சம்பளம் கேட்காத துப்புரவுப் பணியாளர் என்றே சொல்லலாம்.

அப்புறம் ஏன் அழிகிறது? கறிக்காகப் பிடிக்கிறார்கள். மூலத்துக்கு ஆமைக்கறி நல்லது என்ற நம்பிக்கை வேறு. வலையிலும் தூண்டிலிலும் சிக்கிச் சாவது தனிக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேல் மணல். சிவில் நண்பர்களே, நாம் யூனிட் கணக்கில் பார்க்கும் ஆற்றுமணல்தான் ஆமைக்குப் பிரசவ வார்டு! முட்டையிடும் கரையையே லாரியில் ஏற்றிவிட்டால் அது எங்கே போகும்?

2022 நவம்பரில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் காடு, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் பனாமாவில் கூடிய சர்வதேச மாநாடு, இந்தியாவின் கோரிக்கையை ஏற்று, இந்த ஆமையின் வணிகத்துக்குக் கடுமையான தடை விதித்தது.

ஆனால் சட்டம் ராத்திரி ஆற்றங்கரையில் காவல் நிற்குமா? ஊர் மக்கள்தான் நிற்க வேண்டும். கேரளத்தில் காசர்கோடு பக்கம் சந்திரகிரி ஆற்றில் அப்படித்தான் நடந்தது. காண்டர் ராட்சத மெல்லோட்டு ஆமையைத் தேடிப்போன ஆயுஷி ஜெயின் குழுவினர் முதலில் விசாரித்தது ஆற்றோர மக்களைத்தான். அவர்கள் கொடுத்த தகவலால் ஆமை முட்டையிடும் இடம் தெரிந்தது. வெள்ளத்தில் மூழ்கிய முட்டைகளை மக்கள் துணையோடு மீட்டார்கள். பொரித்த குஞ்சுகள் ஆற்றில் விடப்பட்டன. 2024-இல் இது ஆய்விதழில் வெளியானது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். ஆமை முட்டையிலோ ஓரிரு நாளில் கரு மேல்பக்க ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் செத்துப்போகும். எனவே பயிற்சி இல்லாமல், ஆர்வக்கோளாறில் முட்டையைத் தொட்டுவிடாதீர்கள். பார்த்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதுவே பெரிய தொண்டு.

நம்மில் பலர் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள். பரிசல் ஓட்டுபவரும் வலை வீசுபவரும் நமக்கு மாமா, சித்தப்பா முறை. வெளியூர் ஆராய்ச்சியாளருக்குச் சொல்லத் தயங்குவதை நம்மிடம் கூசாமல் சொல்வார்கள். எந்தத் திட்டில் ஆமை ஏறுகிறது, எந்த மாதம் முட்டையிடுகிறது என்று கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்களேன்!