உங்களுக்குத் தெரியுமா? ஆபரேஷன் முடிந்த பிறகும் நாள் தள்ளினால்...

★ தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு இது. இந்திய அளவில் 37.9 சதவீதம்தான்.

★ அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் கரு தங்கலாம். அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்குப் பதினெட்டு, பத்தொன்பது பேர் கர்ப்பமானது தெரிந்தது. பிரசவம் முடிந்த கையோடு கருக்குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கட்டியவர்களில் ஏழெட்டுப் பேர்தான். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அதிகம் நடப்பது இந்த வகைதான் என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இளம் வயதில் செய்துகொண்டவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். நம் ஊரில் பெரும்பாலோர் முப்பது வயதுக்கு முன்பே செய்துகொள்கிறார்கள்.

★ வெட்டிய குழாய் எப்படித் திறக்கும்? சில உடம்பில் வெட்டுப்பட்ட முனைகள் ஆறும்போது தாமாகவே ஒட்டி, நூலிழை அளவுக்கு வழி விட்டுவிடுகின்றன. டாக்டரின் கைப்பிழை இல்லாமலே இது நடக்கும். குழாய் என்று நினைத்துப் பக்கத்தில் உள்ள தசைநாரைக் கட்டிவிடுவது கைப்பிழை. ஆபரேஷன் நாளன்றே வயிற்றில் கரு இருந்திருப்பது மூன்றாவது காரணம். மாதவிலக்கு தொடங்கிய ஏழு நாட்களுக்குள் செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

★ இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். மேலே சொன்ன ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு உண்டான கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே தங்கியது. குறுகிப்போன வழியில் விந்தணு நுழைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிதான கருவால் கருப்பைக்கு வந்து சேர முடிவதில்லை, குழாயிலேயே வளர ஆரம்பிக்கிறது. ஆறு, எட்டு வாரத்தில் குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, லேசான உதிரப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டையில் குத்துவலி என்று அறிகுறிகள் வரும். வேடசந்தூர் மில்லில் நைட் ஷிப்டு பார்ப்பவரோ நிலக்கோட்டையில் பூப் பறிப்பவரோ, "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, சூட்டு வலியாத்தான் இருக்கும்" என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டுப் படுத்துவிடக் கூடாது. நாள் தள்ளினால் மெடிக்கலில் கார்டு வாங்கிச் சோதியுங்கள். இரண்டு கோடு விழுந்தால் உடனே ஸ்கேன். வலியும் மயக்கமும் சேர்ந்து வந்தால் சோதனைக்கெல்லாம் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், ஆபரேஷன் செய்த விவரத்தை நீங்களே சொல்லுங்கள்.

★ ஆண்டுகள் போகப்போக ஆபத்து தீர்ந்துவிடும் என்பதும் சரியில்லை. நான்காம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரையிலும் குழாய்க் கர்ப்பம் குறையவில்லை என்கிறது அதே ஆய்வின் 1997 அறிக்கை.

★ குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் திண்டுக்கல்லுக்குத் தனி இடம் உண்டு. டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து, 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் (சேலம் ஆத்தூர் அல்ல, சின்னாளபட்டிப் பக்கத்து ஆத்தூர்) ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் நடந்தது. கிராமத்து வீடுகளுக்கே போய்த் தாய் சேய் நலத்தையும் குடும்பநலத்தையும் பேசினார்கள் அதன் ஊழியர்கள். இன்று கிராமச் செவிலியர் உங்கள் வாசலுக்கு வருகிறார் என்றால் அப்படிப்பட்ட முயற்சிகளும் அதற்கு ஒரு காரணம். நாள் தள்ளியதை முதலில் அவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

★ ஆபரேஷனுக்குப் பிறகு உண்டான கர்ப்பம் மனைவியின் நடத்தைக்குச் சான்று அல்ல. கணவர் செய்துகொண்டிருந்தாலும் இதேதான். விந்துக்குழாயும் அபூர்வமாக மீண்டும் சேர்வதுண்டு. சந்தேகத்தில் குடும்பம் உடைவதற்கு முன் டாக்டரிடம் போங்கள்.

★ கருத்தடை தோற்றதால் உண்டான கர்ப்பத்தை வேண்டாம் என்று முடிவு செய்தால், 20 வாரம் வரை கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு திருமணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும்.

★ நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன? ஹரியானாவில் ஓர் ஏழைக் கூலிப் பெண்ணுக்கு வலது குழாயை மட்டும் கட்டிவிட்டு இடது குழாயைத் தொடாமலே விட்டிருந்தார்கள். குழந்தையை வளர்க்கும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆபரேஷன் தோற்றது என்பதாலேயே டாக்டரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2005இல் இன்னொரு வழக்கில் சொன்ன அதே நீதிமன்றம், இப்படிப்பட்டவர்களுக்குக் காப்பீடு பற்றி அரசு யோசிக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. திண்டுக்கல் வழக்குகளும் போகும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2023இல் தூத்துக்குடி மாவட்டப் பெண் ஒருவருக்கு 3 லட்ச ரூபாய் இழப்பீடும், மூன்றாவது குழந்தைக்கு இலவசப் படிப்பும் தர உத்தரவிட்டது. எனக்கு இதில் படிப்புதான் பெரிதாகப் படுகிறது.

★ அதே 2019–21 குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆண்கள் ஆபரேஷன் 0.1 சதவீதம்தான். வயிற்றைத் திறக்காமல், தையல்கூட இல்லாமல், அன்றே வீடு திரும்பக்கூடிய சிகிச்சை அது. தோற்கும் வாய்ப்பும் குறைவு. கணவர்மார்களே, இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

★ வழக்குப் போடாமலே இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. அரசுத் திட்டத்தில் ஆபரேஷன் தோற்றால் முன்பு 30,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு அது இரட்டிப்பானது. கர்ப்பம் தெரிந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆபரேஷன் சான்றிதழ் இல்லாமல் நடக்காது. ரேஷன் கார்டோடு அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.