என் கண்ணால பார்த்தேன், சத்தியமா!

போன முறை இதே இடத்தில் எரிமலையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை அவ்வளவு தூரம் போகவில்லை. நம்ம தலைக்குள்ளேயே இருக்கிற ஞாபகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதைப் படிக்க எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் ஒரு பியூரெட்!

ஜூலை மாதம் கெமிஸ்ட்ரி லேப்பில் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தோம். திடீரென்று 'சலீர்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் பியூரெட் தரையில் சுக்குநூறாகக் கிடக்கிறது. சார் கேட்டபோது, "தெரியல சார், சத்தம்தான் கேட்டுச்சு" என்றேன். அது உண்மை. பிறகு வராண்டாவில் ஆளாளுக்குப் பேசினோம். "அவன் முழங்கைதாண்டா பட்டிருக்கும்" என்றான் ஒருவன். "ஆமாடா, அவன்தான் பக்கத்துல நின்னான்" என்றான் இன்னொருவன். மறுநாள் சார் என்னிடம், "அவன் முழங்கை பட்டு விழுந்ததை நீ பார்த்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன் சார், சத்தியமா!" என்றேன். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. முழங்கை இடிப்பதும் ஸ்டாண்டு சாய்வதும் எனக்கு சினிமா மாதிரி தெரிந்தது. என் நண்பன் பியூரெட்டுக்குப் பணம் கட்டினான். மூன்று வாரம் கழித்து வேறொரு மாணவன் தானாகவே போய், "நான்தான் சார் இடிச்சேன், பயந்துகிட்டு சொல்லல" என்றான்.

அப்படியென்றால் நான் பார்த்தது என்ன?

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லும் அடுத்த செல்லும் சந்திக்கும் இடம் சினாப்ஸ். (உயிரியல் பாடத்தில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வார்களே, அதேதான்.) எரிக் கேண்டல் என்ற விஞ்ஞானி ஏப்ளிசியா என்ற கடல் நத்தையை வைத்து ஆராய்ந்தார். அதற்கு நரம்பு செல்கள் வெறும் 20,000 அளவில்தான், ஆனால் சைஸ் பெரிது, அதனால் ஆராய்வது சுலபம். அதன் வாலில் ஒரு முறை ஷாக் கொடுத்தால், அதற்குப் பிறகு லேசாகத் தொட்டாலே செவுளை வேகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் சில நிமிடங்களில் அதை மறந்துவிடுகிறது. இடைவெளி விட்டு விட்டுப் பல முறை கொடுத்தால் நாள் கணக்கில் மறப்பதில்லை. முதல் வகையில், இருக்கிற சினாப்ஸ் கொஞ்ச நேரம் பலமாகிறது, அவ்வளவுதான். இரண்டாவது வகையில் செல் புதுப் புரதம் தயாரிக்கிறது, புது இணைப்புகளே முளைக்கின்றன. இதற்காகக் கேண்டலுக்கு 2000-ல் மேலும் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. நத்தையால் நோபல்!

அடுத்து ஒரு சோகக் கதை. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-ல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, ஸ்கோவில் என்ற டாக்டர் மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார். (பார்க்கக் கடல்குதிரை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.) வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் மனதில் புதிதாக எதுவும் நிற்கவில்லை. அவரைப் பல வருடம் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறை வரும்போதும் புது ஆள் மாதிரிதான் அவருக்குத் தெரிந்தார். ஆனால் சின்ன வயது ஞாபகம் இருந்தது. அதனால் ஹிப்போகேம்பஸ் கடைசிவரை வைத்திருக்கும் பீரோ இல்லை, புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற இடம் என்று புரிந்தது. இன்னொரு ஆச்சரியம், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாளில் நன்றாக வரைந்தார். ஆனால் முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது! கை பழகுவதற்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது. அவர் 2008-ல் தன் 82-வது வயதில் இறந்தார். அதுவரை புத்தகங்களில் அவர் பெயர் 'ஹெச்.எம்.' மட்டும்தான்.

இப்போது என் பியூரெட்டுக்கு வருகிறேன். ஒரு தடவை பதிந்துவிட்டால் ஞாபகம் கல்வெட்டு மாதிரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2000-ல் நியூயார்க்கில் கரீம் நேடர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் எலிகளுக்கு ஒரு சத்தத்தோடு சேர்த்து ஷாக் கொடுத்தார்கள். அதன் பிறகு சத்தம் கேட்டாலே எலிகள் பயந்து உறைந்து நின்றன. பிறகு ஒரு நாள் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்து, உடனே புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலா என்ற பகுதியில் செலுத்தினார்கள். பயம் போயே போச்சு! சத்தத்தை நினைவுபடுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் போகவில்லை. அதாவது, ஒரு ஞாபகத்தை வெளியே எடுக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகிவிடுகிறது, திரும்பவும் புரதம் போட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. எல்லா ஞாபகமும் எல்லா நேரமும் இப்படி இளகாது, பழைய, ஆழமான ஞாபகங்கள் அவ்வளவு எளிதில் அசையாது என்றும் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

மனிதர்களிடம் இதைப் போன்ற ஒன்றை 1974-லேயே எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் காட்டியிருக்கிறார்கள். 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் போட்டார்கள். 50 பேரிடம், கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிடம் 'இடித்தபோது' என்று மட்டும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்றார்கள். 'நொறுங்கிய' குழுவில் 16 பேர், 'இடித்த' குழுவில் 7 பேர், "பார்த்தோம்" என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வராண்டாவில் கேட்ட 'முழங்கை' என்ற ஒரு வார்த்தையை நான் அந்தச் 'சலீர்' சத்தத்தோடு ஒட்டிவிட்டேன். சாரும் அதே வார்த்தையை வைத்துக் கேட்டார். (சார் மேல் குறை சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருந்தார்கள்.) முதல் நாள் நான் சொன்ன "தெரியல சார்" மட்டும்தான் ஒரிஜினல்.

பரீட்சைக்காரர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த டெஸ்டில் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்டில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆனால் எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தப்பும் சேர்ந்து பதிந்துவிடும்.

என் நண்பனுக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன், "விடுடா" என்றான், ஆனால் முன்பு மாதிரி பேசுவதில்லை. இந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போகிறான். அவனுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடந்தது என்ன என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்டா. ஆனாலும் கண்ணை மூடினால் இன்னும் உன் முழங்கைதான் இடிக்கிறது.

– பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்