தூசி படிந்த இலைக்கு ஏன் தாகம் அதிகம்? தென்காசி சாலையோர மரங்கள் சொல்லும் சேதி

ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடித்தால் ஒவ்வொரு இலையும் குளித்தது போல மின்னும். அதே மரங்களை மாசி, பங்குனியில் பாருங்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்கு ஓடும் சாலையில், பச்சை இலை சாம்பல் நிறத்தில் நிற்கும்.

‘தூசிதானே, மழை பெய்தா போயிடும்’ என்று விட்டுவிடலாமா? முடியாது. அந்தத் தூசி, மரத்தின் தண்ணீர்க் கணக்கையே மாற்றுகிறது.

இலையில் ஒரு குழாய்

பெரும்பாலான மரங்களில் இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. இவைதான் இலைத்துளைகள். கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். நீர் ஆவியாக வெளியேறும். வேர் உறிஞ்சும் நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படித்தான் போகிறது. மண் காய்ந்தால் செடி துளைகளை மூடி, தண்ணீரை மிச்சம் பிடிக்கும்.

மாசு என்ன செய்கிறது?

தூசி: சில துளைகளை அடைத்து, செடியின் உணவுத் தயாரிப்பைக் குறைக்கும். சில துளைகளில் கதவிடுக்கில் சிக்கிய கல் போல மாட்டி, மூட விடாது. மேலே படியும் தூசி இலையைச் சூடாக்கும். சூடான இலை வேகமாக நீரை இழக்கும்.

ஓசோன்: வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் உருவாக்கும் வாயு இது. இலைத்துளைகளை மந்தமாக்கிவிடும். மூட வேண்டிய நேரத்தில் சட்டென்று மூடாது.

உப்புத் துகள்கள்: புகையிலிருந்து உருவாகும் சல்பேட், நைட்ரேட் துகள்கள் ஈரத்தை இழுத்துக் கரைந்து, துளைக்குள் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர் யூர்கன் புர்க்ஹார்ட் இதை விளக்கியிருக்கிறார்.

நமக்கு என்ன?

புளியங்குடி எலுமிச்சை, மா, தென்னை என இந்த மாவட்டத்தின் பிழைப்பே தோப்புதான். கிணறு இறங்கும் கோடையில்தான் இலையில் தூசியும் சேர்கிறது. வாய்க்கால் கசிவை அடைக்கிறோம். இலையில் நடக்கும் கசிவு கண்ணில் படுவதில்லை.

வழி இருக்கிறது. லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடுவது, கிரஷரில் தண்ணீர் தெளிப்பது, சாலையோரம் அடர்த்தியான உயிர்வேலி வளர்ப்பது, சிறு கன்றுகளின் இலைகளைக் காலையில் கழுவிவிடுவது. எதுவும் புதிதல்ல.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், ஓர் இலையை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் ஒட்டுவது வெறும் அழுக்கு அல்ல. அந்த மரத்தின் தாகம்.